சிங்கப்பூரா மலேசியாவா: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி எப்படி முடிவு பண்றது

சொந்தக்காரங்க, கூட படிச்சவங்க, யாரு போன் பண்ணாலும் சுத்தி சுத்தி கடைசியில இந்த கேள்விக்குத்தான் வருவாங்க, சிங்கப்பூர் நல்லதா மலேசியா நல்லதான்னு. நான் கோலாலம்பூர்ல, அதாவது கேஎல்ல, மூணு வருஷம் வேலை பாத்துட்டு சிங்கப்பூர் வந்து ஆறு வருஷம் ஆச்சு, ரெண்டு பக்கமும் வாடகை கட்டியிருக்கேன் வரியும் கட்டியிருக்கேன், அதனாலதான் என்கிட்ட கேக்குறாங்க. நான் திருப்பி கேக்குறது ரெண்டே கேள்வி. எத்தனை நாளைக்கு போறீங்க? எந்த பாஸ்ல, அதாவது எந்த அனுமதியில போறீங்க? இது ரெண்டுக்கும் பதில் தெரியாம நாட்டை மட்டும் வச்சு முடிவு பண்ணவங்கதான் நான் பாத்த வரைக்கும் அதிகமா கஷ்டப்பட்டிருக்காங்க. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன், மத்த பாஸ்போர்ட்டுக்கு விசா விஷயம் மாறும்.

முதல்ல சுத்திப்பாக்க போறவங்க கதைய முடிச்சிடுவோம்.

சிங்கப்பூர் மொத்தமே 735 சதுர கிலோமீட்டர் சொச்சம், மலேசியா 3,30,000 சதுர கிலோமீட்டர். இந்த ஒரு கணக்குலயே பாதி முடிவு வந்துரும். கையில நாலு நாள்தான் இருக்கு, கூட சின்ன பசங்களும் வயசான அப்பா அம்மாவும் வர்றாங்கன்னா சிங்கப்பூர் போங்க, ஏன்னா ஏர்போர்ட்ல இறங்குனதுல இருந்து எங்க போனாலும் ரயில் பஸ்லயே போயிடலாம், லிஃப்ட் இல்லாத எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் கிடையாது, வீல்சேர் தள்ளிட்டே மெரினா பே, சென்தோசா, பொட்டானிக் கார்டன்ஸ்னு எல்லாம் பாத்துடலாம். ஏழெட்டு நாளுக்கு மேல இருக்கு, மலை வேணும் கடல் வேணும் பழைய ஊர் வேணும்னா மலேசியா. 2008ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்ந்த ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் தனி அழகு, கேமரன் மலையில தேயிலைத் தோட்டம், அந்தப் பக்கம் போர்னியோ தீவுல 4,095 மீட்டர் கினபாலு மலை. பத்து மலை முருகனை சொல்லவே வேணாம், 42.7 மீட்டர் சிலை, 272 படி. காலையில சீக்கிரமே ஏறிடுங்க, வெயில் ஏறுனதுக்கு அப்புறம் முட்டி வலிக்காரங்களால முடியாது, கையில ஏதாவது கவர் வச்சிருந்தா குரங்கு புடுங்கிட்டு போயிரும்.

மலேசியாவுக்கு எந்த மாசம் போறீங்கங்கிறது ரொம்ப முக்கியம். கிழக்கு கரை தீவுகள், அதாவது பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான், இதெல்லாம் நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மழைக்காலம், நிறைய ரிசார்ட் பூட்டியே இருக்கும், படகும் சரியா ஓடாது. டிசம்பர் லீவுக்கு கடல் வேணும்னா மேற்கு கரையில இருக்குற லங்காவி பினாங்குதான். இது தெரியாம டிசம்பர்ல ரெடாங் பிளான் போட்டுட்டு ஜெட்டி வரைக்கும் போய் திரும்புன குடும்பம் எனக்குத் தெரியும்.

விசா பக்கம் பாத்தா மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர்ல இருந்து 30 நாள் விசா இல்லாம விடுறாங்க, இப்போதைக்கு 2026 கடைசி வரைக்கும்னு சொல்லியிருக்காங்க. சிங்கப்பூருக்கு கண்டிப்பா முன்னாடியே விசா எடுக்கணும், அதையும் இந்தியாவுல இருந்து பெரும்பாலும் அங்கீகாரம் உள்ள ஏஜென்ட் வழியாதான் போடணும். இது போக ரெண்டு நாட்டுக்கும் வருகை அட்டை ஆன்லைன்ல நிரப்பணும், இறங்குறதுக்கு மூணு நாளைக்குள்ள, ரெண்டுமே இலவசம். காசு கேக்குற வெப்சைட் எதுவா இருந்தாலும் அது அரசாங்கத்தோடது இல்ல, உடனே மூடிருங்க.

ரெண்டையும் சேர்த்து பாக்குறதுதான் என் சாய்ஸ், பத்து நாள் இருந்தா தாராளமா முடியும். சிங்கப்பூர்ல இறங்கி கேஎல்ல இருந்து ஊருக்கு திரும்புற மாதிரி டிக்கெட் போடுங்க, போன வழியே திரும்பி வந்தா ஒரு நாள் வீணாப் போகும், சிங்கப்பூர் விசாவுல ரெண்டாவது தடவை உள்ள வர அனுமதி இருக்கான்னு வேற பாக்கணும். நடுவுல ரெண்டு நாட்டையும் சேக்குற பாலம் தாண்டுறத மட்டும் லேசா நினைக்காதீங்க. பஸ்ல போனா சிங்கப்பூர் எல்லையில இருக்குற உட்லண்ட்ஸ்ல எல்லா லக்கேஜையும் தூக்கிட்டு இறங்கி ஸ்டாம்ப் முடிச்சு மறுபடி ஏறணும், ஜேபி, அதாவது மலேசியாவோட ஜோகூர் பாரு பக்கம் போய் இன்னொரு தடவை அதே மாதிரி இறங்கி ஏறணும், அதனால ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மேல வேணாம், பஸ் டிக்கெட்டை கையிலயே வச்சுக்கங்க, ஏன்னா நீங்க லேட் ஆனா சில பஸ் காத்திருக்காது, அடுத்த பஸ்ல ஏத்தி விட டிக்கெட்டை கேப்பாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பள்ளிக்கூட லீவு ஆரம்பிக்கிற அன்னைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க. ஷட்டில் தெப்ராவ்னு ஒரு ரயில் இருக்கு, உட்லண்ட்ஸ்ல இருந்து ஜேபி வரைக்கும் அஞ்சே நிமிஷம், சிங்கப்பூர்ல ஏறுனா 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜேபில ஏறுனா 5 ரிங்கிட். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துரும், தேதி முடிவானதும் முதல் வேலையா அதை புக் பண்ணுங்க. புதுசா ஆர்டிஎஸ் ரயிலும் கட்டிட்டு இருக்காங்க, அது ஓட ஆரம்பிச்சா இந்த பாலத்து அவஸ்தை நிறைய குறையும்.

மலேசியாவுல இருந்து சிங்கப்பூர் உள்ள வரும்போது ஒரு எச்சரிக்கை. சூயிங்கம் கொண்டு வரக்கூடாது, வேப் (இ-சிகரெட்) சுத்தமா தடை, சிகரெட் ஒரு பாக்கெட்டா இருந்தாலும் வரி கட்டணும். அந்தப் பக்கம் கடையில வெளிப்படையா தொங்குதேன்னு வேப் வாங்கி பையில போட்டுட்டு வந்துறாதீங்க.

சரி, இனிமே குடியேறுற விஷயம். இதுலதான் நிதானமா உக்காந்து யோசிக்கணும்.

சிங்கப்பூர்ல வேலை பாஸ் பொதுவா மூணு படி. மேல எம்ப்ளாய்மென்ட் பாஸ், நம்ம ஆளுங்க ஈபின்னு சொல்றது, இதுக்கு 2025 ஜனவரில இருந்து குறைஞ்சது 5,600 வெள்ளி சம்பளம் இருக்கணும், பேங்க் ஃபைனான்ஸ் துறைன்னா 6,200, வயசு ஏற ஏற அந்த அளவும் ஏறும், சம்பளம் மட்டும் போதாது, காம்பஸ்னு ஒரு பாயின்ட் கணக்குல 40 எடுக்கணும். அதுக்கு கீழ எஸ் பாஸ், 2025 செப்டம்பர்ல இருந்து 3,300 வெள்ளி, கம்பெனிக்கு இத்தனை பேர்தான்னு கோட்டா உண்டு. அதுக்கும் கீழ ஒர்க் பெர்மிட், கட்டுமானம் கப்பல் பட்டறை வேலைக்கெல்லாம் நம்ம ஊர்ல இருந்து வர்றவங்க பெரும்பாலும் இதுலதான் வருவாங்க.

இப்ப இதை ஏன் இவ்வளவு விளக்கமா சொல்றேன்னா, பொண்டாட்டி பிள்ளைங்கள கூட்டிட்டு வரலாமா முடியாதாங்கிறது இதுலதான் இருக்கு. குடும்பத்துக்கு டிபெண்டன்ட் பாஸ் வேணும்னா உங்க மாச சம்பளம் குறைஞ்சது 6,000 வெள்ளி இருக்கணும். 5,700 வாங்கிட்டு ஈபி கிடைச்சிருச்சுன்னு சந்தோஷமா வந்து இறங்கி, வீட்டையும் பாத்து வச்சிட்டு, அப்புறம் குடும்பத்துக்கு அப்ளை பண்ண முடியலன்னு உக்காந்திருந்த ஒருத்தர பக்கத்துல இருந்து பாத்தேன், அவரு பொண்ணு எல்கேஜி அட்மிஷன் கூட ஊர்ல வேணாம்னு விட்டுட்டாங்க. சம்பளம் பேசும்போதே 300 வெள்ளி கூட கேட்டிருந்தா அந்த ஒரு வருஷப் பிரிவே இருந்திருக்காது, கம்பெனிக்கு அது பெரிய காசே இல்ல. இன்னொண்ணு, டிபெண்டன்ட் பாஸ்ல வர்ற உங்க துணை வேலைக்குப் போகணும்னா தனியா ஒரு வேலை பாஸ் எடுக்கணும், 2021 மே மாசத்துக்கு முன்னாடி இருந்த மாதிரி ஒரு லெட்டர் வாங்கிட்டு போற வசதி இப்ப இல்ல. ரெண்டு சம்பளம் வரும்னு கணக்கு போட்டு வராதீங்க.

மலேசியாவுல எம்ப்ளாய்மென்ட் பாஸ் சம்பளத்த வச்சு மூணு கேட்டகரியா பிரிச்சிருக்காங்க, அந்த அளவுகளை மாத்திட்டே இருக்காங்க, அதனால கம்பெனிகிட்ட ‘எனக்கு எந்த கேட்டகரி, குடும்பம் வரலாமா, எத்தனை வருஷம்’னு எழுத்துலயே வாங்கிருங்க. வீட்ல இருந்தே வெளிநாட்டு கம்பெனிக்கு வேலை பாக்குற ஐடி ஆளுங்களுக்கு டிஇ ரன்தாவ்னு ஒரு பாஸ் 2022ல இருந்து இருக்கு, வருஷத்துக்கு 24,000 அமெரிக்க டாலர் வருமானம் காட்டணும், குடும்பத்தையும் கூட்டிட்டு வரலாம். இந்த மாதிரி ஒரு வழி சிங்கப்பூர்ல கிடையாது, ரிமோட் வேலைக்காரங்களுக்கு நான் யோசிக்காம மலேசியான்னு சொல்றது இதனாலதான்.

உங்க பாஸ்போர்ட்ல ஈசிஆர் ஸ்டாம்ப் (சில நாட்டுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும்ங்கிற குறிப்பு) இருக்கான்னு பாருங்க, பத்தாவது பாஸ் பண்ணாதவங்களுக்கு பெரும்பாலும் இருக்கும். ஈசிஆர் பாஸ்போர்ட்ல மலேசியாவுக்கு வேலைக்குப் போகணும்னா இந்திய அரசோட இமைக்ரேட் சிஸ்டம்ல கிளியரன்ஸ் வேணும், சிங்கப்பூர் அந்த லிஸ்ட்லயே இல்ல. ‘அதெல்லாம் வேணாம், டூரிஸ்டா போ, அங்க போய் மாத்திக்கலாம்’னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. 30 நாள் விசா ஃப்ரீ வந்ததுல இருந்து இந்த ஏமாத்து வேலை ரொம்ப நடக்குது. போய் இறங்குனதும் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்குவாங்க, 31வது நாள்ல இருந்து நீங்க சட்டவிரோதமா இருக்கீங்க, போலீஸ பாத்தாலே ஓடணும், சம்பளம் தரலன்னா யார்கிட்டயும் சொல்ல முடியாது. அண்ணன் தம்பிங்க யாராச்சும் இப்படி கிளம்புறாங்கன்னா தயவுசெஞ்சு கையப் புடிச்சு நிறுத்துங்க.

சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்ல வர்றவங்க ஐபிஏ லெட்டர, அதாவது பெர்மிட்டுக்கு முதல்ல வர்ற ஒப்புதல் கடிதத்த, படிக்காம விமானம் ஏறக்கூடாது. அடிப்படை சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, எதெதுக்கு பிடிப்பாங்க எல்லாம் அதுல இருக்கும், உங்களுக்கு புரியுற மொழியிலயும் ஒரு காப்பி கொடுக்கணும், தமிழ்ல கேட்டு வாங்குங்க. ஒரு ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா தேக்காவுல டீ குடிச்சிட்டு இருக்கும்போது புதுசா வந்த தம்பி ஒருத்தன் போன்ல அந்த லெட்டர காமிச்சு ‘அண்ணே இது சரியா இருக்கான்னு பாருங்க’ன்னான். ஏஜென்ட் வாயால சொன்ன சம்பளம் ஒண்ணு, லெட்டர்ல இருந்தது வேற ஒண்ணு, அதுவும் நல்லா குறைச்சு. வந்து இறங்கி பதினோரு நாள் ஆச்சு, அன்னைக்குத்தான் முதல் தடவையா அந்த பக்கத்தையே திறந்து பாக்குறான். ஏஜென்ட் ஃபீஸ் கூட, சிங்கப்பூர் ஏஜென்ட் உங்ககிட்ட வாங்குறது ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாச சம்பளம், மொத்தமா ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

அடுத்தது காசு. ஒரு வெள்ளிக்கு மூணு ரிங்கிட்டுக்கு மேல வருதுங்கிறத மட்டும் பாத்துட்டு சிங்கப்பூர்னு குதிச்சிருவாங்க. சம்பளத்த ரூபாயா மாத்தி பாக்காதீங்க, மாசக் கடைசியில மிச்சம் எவ்வளவுன்னு பாருங்க. கேஎல்ல நான் ரெண்டு ரூம் உள்ள முழு வீட்டுக்கு கொடுத்த வாடகையில சிங்கப்பூர்ல ஒரு காமன் ரூம்ல, அதாவது பாத்ரூம மத்தவங்களோட பகிர்ந்துக்குற ரூம்ல, பாதி கூட வராது. அதுவும் ரூம் பாக்கும்போது சமைக்கலாமா, லேசா சமைக்கலாமா, சமைக்கவே கூடாதான்னு முதல்ல கேளுங்க, ‘லைட் குக்கிங்’னு போட்டிருந்தா சாம்பார் தாளிச்சாலே ஓனரம்மா வந்து நிப்பாங்க. எச்டிபி வீடுன்னா, அதாவது அரசாங்கம் கட்டுன அடுக்குமாடி வீடுன்னா, குறைஞ்சது ஆறு மாசம் எடுக்கணும், ஓனர் உங்க பேர முறைப்படி பதிவு பண்ணாங்களான்னு பாருங்க. எனக்கு முதல் ரூம்ல அது நடக்கல, அட்வான்ஸ் திரும்ப வாங்குறதுக்குள்ள ரெண்டு மாசம் அலைஞ்சேன்.

வரி சிங்கப்பூர்ல கம்மி, சந்தேகமே இல்ல. வருஷத்துக்கு 60,000 வெள்ளி சம்பளம்னா வரி 2,000 வெள்ளிக்குள்ளதான் வரும். ஆனா மாசா மாசம் பிடிக்க மாட்டாங்க, அடுத்த வருஷம் மொத்தமா பில் வரும், கைல காசு ஃபுல்லா வருதேன்னு ஊருக்கு அனுப்பிட்டு பில் வந்ததும் முழிக்காதீங்க, கைரோல (பேங்க்ல இருந்து தானா பிடிக்கிற முறை) போட்டு 12 தவணையா கட்டலாம். மலேசியாவுல மாசாமாசம் பிடிச்சிருவாங்க, அங்க வேற ஒரு குழி இருக்கு: ஒரு காலண்டர் வருஷத்துல 182 நாள் இல்லன்னா நீங்க ரெசிடென்ட் கிடையாது, சம்பளத்துல மொத்தமா 30 சதவீதம் போயிரும். நான் ஆகஸ்ட்ல சேர்ந்தேன், முதல் சம்பள சிலிப்ப பாத்ததும் எச்ஆர்கிட்ட ஓடினேன், தப்பு ஒண்ணும் இல்ல சார், ரூல் அப்படித்தான்னாங்க. அடுத்த வருஷமும் தொடர்ச்சியா இருந்தா அதை காமிச்சு பின்னாடி திரும்ப கேக்கலாம், கேட்டு வாங்குனேன், ஆனா அந்த நாலஞ்சு மாசம் கையில ஒண்ணும் இல்ல. சேர்ற தேதி உங்க கையில இருந்தா ஜனவரி பிப்ரவரில சேருங்க.

பிஎஃப் மாதிரி பிடித்தம், சிங்கப்பூர்ல பிஆர் (நிரந்தரவாசி) ஆகுற வரைக்கும் சிபிஎஃப் கிடையாது. மலேசியாவுல 2025 அக்டோபர்ல இருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் இபிஎஃப் வந்திருக்கு, நீங்க 2 சதவீதம் கம்பெனி 2 சதவீதம்.

போக்குவரத்து செலவையும் கணக்குல சேருங்க. சிங்கப்பூர்ல கார் வேணாம், வாங்கவும் முடியாது, கார் வச்சிருக்க ஏலத்துல எடுக்குற சிஓஇ உரிமம் மட்டுமே 1,00,000 வெள்ளிய தாண்டுது. கேஎல்ல ரயில் இருக்குற பக்கமா வீடு கிடைச்சா தப்பிச்சீங்க, இல்லன்னா பைக்கோ காரோ இல்லாம காலம் தள்ள முடியாது.

ஜேபில வீடு எடுத்துட்டு சிங்கப்பூர்ல வேலை பாக்கலாமேன்னு பத்துல நாலு பேராவது கேக்குறாங்க. மலேசியாக்காரங்க லட்சக்கணக்குல அப்படித்தான் பண்றாங்க, காலையில நாலரை மணிக்கு பாலத்துல பைக் வரிசைய பாத்தா கண்ணு கலங்கும், மழைக்கோட்ட போட்டுட்டு தூக்கத்துலயே முறுக்கிட்டு போவாங்க. ஆனா அது அவங்க நாடு. உங்களுக்கு மலேசியாவுல இருக்குறதுக்கு தனி பாஸ் இல்லன்னா அந்த 30 நாள் அனுமதி ஊர் சுத்துறதுக்கு மட்டும்தான், தினமும் வந்து வந்து போனா ஒரு நாள் கவுன்ட்டர்ல நிறுத்தி கேப்பாங்க.

வேலை போனா என்னங்கிறதையும் இப்பவே யோசிச்சு வையுங்க. சிங்கப்பூர்ல ஈபி, எஸ் பாஸ் கேன்சல் ஆனா பொதுவா 30 நாள்தான், அதுக்குள்ள வேற வேலை கிடைக்கலன்னா கிளம்பணும். பிள்ளைங்க ஸ்கூல், வாடகை ஒப்பந்தம், எல்லாம் அந்த 30 நாளைக்குள்ள முடியணும். அதனால மூணு மாச செலவு தனியா ஒரு அக்கவுன்ட்ல இல்லாம குடும்பத்த கூட்டிட்டு வராதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

பிள்ளைங்க படிப்பு. சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சி மொழி, அரசாங்க பள்ளியில தாய்மொழிப் பாடமா தமிழ் படிக்கலாம், ஆனா வெளிநாட்டு பிள்ளைங்களுக்கு இடம் கிடைக்குறது ரொம்ப கஷ்டம், ரெண்டாம் வகுப்புல இருந்து மேல சேர பெரும்பாலும் ஏஇஐஎஸ்னு ஒரு பரீட்சை எழுதணும். மலேசியாவுல 500க்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, கேக்கவே நெஞ்சு நிறையுது, ஆனா நம்மள மாதிரி பாஸ்ல போறவங்க பிள்ளைங்க கடைசியில இன்டர்நேஷனல் ஸ்கூல்லதான் போய் நிக்கிறாங்க, அந்த ஃபீஸ் அங்க சிங்கப்பூர விட நல்லாவே கம்மி. மலேசியாவுல ஆஃபீஸ் கவுன்ட்டர், போலீஸ், ஃபார்ம் எல்லாம் மலாய்லதான் ஓடும், ஆறு மாசத்துல பேசுற அளவுக்கு வந்துரும், பயப்பட வேணாம். தமிழ் காதுல கேட்டுட்டே இருக்கணும்னா என் ஓட்டு மலேசியாவுக்குத்தான், கேஎல் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு நாள் உக்காந்து பாருங்க, சின்னப் பிள்ளைங்க தங்களுக்குள்ள தமிழ்லயே சண்டை போட்டுக்கும்.

காலேஜ் படிக்க போறவங்களுக்கு சுருக்கமா: பட்ஜெட் கம்மின்னா மலேசியா, மோனாஷ் நாட்டிங்ஹாம் மாதிரி யுனிவர்சிட்டிக்கு அங்கயே கிளை இருக்கு. சிங்கப்பூர்ல தனியார் காலேஜ்ல சேர்ந்து பார்ட் டைம் வேலை பாத்து ஃபீஸ் கட்டலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த காலேஜ்கள்ல ஸ்டூடன்ட் பாஸ்ல வேலை பாக்க அனுமதி கிடையாது.

நிரந்தரமா தங்கணும்ங்கிறவங்க, மலேசியா பிஆர் ரொம்ப ரொம்ப அரிது, அத நம்பி போகாதீங்க. சிங்கப்பூர்ல ஈபி, எஸ் பாஸ்ல இருக்கும்போதே அப்ளை பண்ணலாம், கிடைக்கும்னு உறுதி இல்ல, ஆனா வழி இருக்கு. பையன் இருந்தா ஒண்ணு யோசிங்க, உங்க மூலமா அவன் பிஆர் ஆனா ரெண்டு வருஷம் நேஷனல் சர்வீஸ் (ராணுவம் மாதிரி கட்டாய சேவை) செய்யணும். அது தப்புன்னு சொல்ல வரல, என் கூட வேலை பாக்குறவர் பையன் முடிச்சிட்டு வந்து ஆளே மாறிட்டான், நல்ல விதமா. ஆனா பையன் அஞ்சு வயசுல இருக்கும்போதே வீட்ல உக்காந்து பேசி முடிவெடுங்க.

இவ்வளவும் படிச்சிட்டு இன்னும் குழப்பமா இருந்தா, ஒரு பத்து நாள் லீவு போட்டு ரெண்டு ஊருக்கும் போங்க, சுத்திப்பாக்குற மாதிரி போகாம குடியிருக்குற மாதிரி போங்க. நீங்க வாடகைக்கு எடுக்க நினைக்கிற ஏரியாவுலயே அஞ்சு நாள் அங்க அஞ்சு நாள் இங்கன்னு தங்குங்க. காலையில ஏழரை மணிக்கு எழுந்து உங்க ஆஃபீஸ் இருக்குற இடம் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வாங்க, சாயங்காலம் காய்கறி வாங்குங்க, ரெண்டு ரூம் போய் பாருங்க, வாடகைய நோட்டுல எழுதுங்க. அந்த நோட்ட ஊருக்கு கொண்டு வந்து வீட்ல எல்லாரும் உக்காந்து பாருங்க, முக்கியமா கூட வரப்போறவங்க கையில குடுங்க. எங்க வீட்ல கேஎல்ல இருந்து சிங்கப்பூர் போலாமா வேணாமான்னு மூணு மாசம் நான் மண்டைய குழப்பிட்டு இருந்தேன், என் மனைவி அந்த நோட்ட வாங்கி ஒரு பக்கத்துல வாடகை, ஸ்கூல், ஊருக்கு அனுப்புறது, மிச்சம்னு நாலு வரி எழுதி என் முன்னாடி வச்சாங்க, அன்னைக்கு ராத்திரியே கம்பெனிக்கு சரின்னு மெயில் போட்டேன்.